டப்பர்வேர் முதல் நாலு பக்கப் பூட்டு டப்பா வரை: மூடியின் வரலாறும் பிளாஸ்டிக்கின் குணமும்

#1 ஏட்டுச்சுவடி

வணக்கம். 2024 செப்டம்பர் 17 அன்று, மூடிபோட்ட பிளாஸ்டிக் கிண்ணங்களுக்குப் பேர்போன டப்பர்வேர் நிறுவனம் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டதிலிருந்து, அதன் வரலாறு என்று பல செய்திகள் சுற்றி வருகின்றன. அவற்றில் பாதி தவறு. அதைத் தொடங்கிய எர்ல் டப்பர் பிளாஸ்டிக்கையே கண்டுபிடித்தார் என்றுகூட எழுதுகிறார்கள். தேதிகளையும் பொருள்களையும் ஒரே இடத்தில் சரியாக வைத்துவிடலாம் என்றுதான் இந்த இழை.

அந்தக் கிண்ணங்களின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீன் பிறந்தது இங்கிலாந்தில். செஷயர் பகுதியின் வின்னிங்டனில் இருந்த ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வகத்தில், 1933 மார்ச் மாதம் எரிக் ஃபாசெட்டும் ரெஜினால்ட் கிப்சனும் எத்திலீன் வாயுவை ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தத்தில் வைத்துச் சோதித்தபோது, கலத்தின் அடியில் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள் படிந்தது. 1935இல் மைக்கேல் பெரின் குழு அதைத் திரும்பச் செய்து காட்டியது. 1939இல் ஆலை உற்பத்தி தொடங்கியது. உடனே போர். ரேடார் கருவிகளின் கேபிள் உறைக்கே அத்தனையும் போனது. வீட்டுக்கு வர 1945 தாண்டவேண்டியிருந்தது.

டப்பர் 1907இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பெர்லின் என்ற ஊரில் பிறந்தவர். மரங்களுக்கு வைத்தியம் பார்க்கும் தொழில் 1936இல் திவாலானது. 1937இல் மாசசூசெட்ஸின் லெமின்ஸ்டரில் டூபாண்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பிரிவில் சுமார் ஓராண்டு வேலை பார்த்தார். 1938இல் சொந்த நிறுவனம். பாலிஎத்திலீன் கிண்ணங்கள் 1946 வாக்கில் சந்தைக்கு வந்தன. அடுத்த ஆண்டே ஒரு வீட்டு அலங்கார இதழ் அவற்றை '39 சென்ட்டுக்குக் கலைப்பொருள்' என்று புகழ்ந்து எழுதியது. பிறகு நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் தொகுப்பிலும் சேர்ந்தன.

ஆக, அவர் கொடுத்தது ஒரு மூடியும், பாலிஎத்திலீனைப் பாத்திரமாக வார்க்கும் கைப்பக்குவமும். அவ்விரண்டைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 அச்சுப்பட்டறை

நல்ல தொடக்கம். 'எண்ணெய் ஆலைக் கழிவிலிருந்து கிண்ணம் செய்தார்' என்ற கதையையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். டூபாண்டிடமிருந்து கறுத்த, நாற்றமடிக்கும் பாலிஎத்திலீன் கசடை வாங்கிச் சுத்தம் செய்தார் என்று சொல்வார்கள். எத்திலீன் வாயு பெட்ரோலியத்திலிருந்து வருவது உண்மை. ஆனால் சுத்திகரிப்பு ஆலையின் அடிக்கசடை வடிகட்டினால் பாலிஎத்திலீன் வராது, அந்த உயர் அழுத்த வினை நடந்தே ஆகவேண்டும். டப்பருக்குக் கிடைத்திருக்கக்கூடியது அந்த வினையில் தரம் தேறாமல் போன சரக்கு. அதை வார்க்கக்கூடியதாக்கிப் 'பாலி-டி' என்று பெயரிட்டார். பிளாஸ்டிக் என்றாலே உடையும், நாறும் என்று மக்கள் நினைத்த காலம் என்பதால் அந்தச் சொல்லையே தவிர்த்தார்.

அந்த அவநம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. அப்போது அடுக்களையில் புழங்கியவை பேக்கலைட், யூரியா-ஃபார்மால்டிஹைடு, பாலிஸ்டைரீன். முதல் இரண்டும் கீழே விழுந்தால் சில்லு தெறிக்கும். பாலிஸ்டைரீன் கண்ணாடி மாதிரி பளபளக்கும், ஆனால் எண்ணெயும் எலுமிச்சைத் தோலின் சாறும் பட்டால் மயிரிழை விரிசல் விடும்.

வார்ப்பவனுக்கோ பாலிஸ்டைரீன்தான் சுலபம். ஆறும்போது அது அரை சதவீதம்தான் சுருங்கும். குறை அடர்த்திப் பாலிஎத்திலீன் ஒன்றரை முதல் மூன்று சதவீதம் வரை சுருங்கும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியில் இரண்டு சதவீதம் என்றால் 3 மில்லிமீட்டர். அச்சில் தண்ணீர் ஓட்டம் ஒரு பக்கம் குறைந்தாலோ, சூடாக இருக்கும்போதே அவசரமாக வெளியே தள்ளினாலோ அந்தச் சுருக்கம் மாறிவிடும், மூடி தன் கிண்ணத்திலேயே உட்காராது. 1940களின் எந்திரங்களை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான மூடிகளும் கிண்ணங்களும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருந்தும்படி வார்த்தது பெரிய வேலை. கிண்ணத்தின் அடியில் நடுவே சின்ன வட்டத் தழும்பு இருக்கும், பாருங்கள். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழைந்த வாய் அது. அங்கிருந்து எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவினால்தான் வாய் வட்டமாக வரும்.

#3 சாம்பார்ப்பொடி

பட்டறை சார், ரெண்டு கேள்வி. அந்த மூடியை நடுவில அழுத்தி ஓரத்தைத் தூக்கி 'புஸ்'னு காத்தை விடுறதால உண்மையிலேயே என்ன ஆகுது? அப்புறம், ரொம்ப வருஷம் ஆன மூடி தொளதொளன்னு ஆயிடுதே, அதுக்கு ஏதாவது வழி உண்டா?

#4 அச்சுப்பட்டறை

முதலில் மூடியின் அமைப்பு. 1947இல் விண்ணப்பித்து 1949 நவம்பர் 8இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை, எண் 2,487,400. பெயின்ட் டின்னின் மூடியைப் பார்த்துத் தோன்றிய யோசனை என்பார்கள். பெயின்ட் டின்னில் பள்ளம் டின்னின் வாயில் இருக்கும், மூடி அதற்குள் இறங்கும். டப்பர் அதைத் தலைகீழாக்கிப் பள்ளத்தை மூடியின் ஓரத்தில் வைத்தார். கிண்ணத்தின் தடித்த விளிம்பு அந்தப் பள்ளத்துக்குள் ஏறும். பள்ளம் விளிம்பைவிட இம்மியளவு சிறியது. மூடி இழுபட்டுத்தான் உட்காரும், அந்த இழுவிசைதான் விளிம்பை உள்ளும் புறமும் கவ்விக்கொள்கிறது. தனி ரப்பர் வளையம் கிடையாது.

நடுவில் அழுத்தும்போது உள்ளே இருக்கும் காற்றின் இடம் குறைகிறது. ஓரத்தை லேசாகத் தூக்கினால் மிகைக் காற்று வெளியேறுகிறது. ஓரத்தை மூடி, கையை எடுத்ததும் நடுப்பகுதி மேலெழப் பார்க்கும். காற்று உள்ளே வர வழியில்லை, அதனால் உள்ளழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்றுக் குறைவாகவே நிற்கும். வெறும் ஒரு சதவீத வேறுபாடு என்று வைத்தால்கூட 15 சென்டிமீட்டர் மூடியின் மேல் ஏறக்குறைய 1.8 கிலோ எடையளவு விசை கீழ்நோக்கி அழுத்தும். கவிழ்த்தாலும் சிந்தாததற்கு அதுதான் காரணம். உள்ளே வெற்றிடம் ஆகிவிட்டது, சாப்பாடு அழுகாது என்று நினைக்கக்கூடாது. 99 சதவீதக் காற்று உள்ளேயேதான் இருக்கிறது.

மூடி தளர்வதற்குக் காரணம், மாதக்கணக்கில் இழுத்த நிலையிலேயே இருப்பது. பாலிஎத்திலீனின் மூலக்கூறுச் சங்கிலிகள் மெல்ல நழுவி, இழுபட்ட அளவே அதற்கு இயல்பாகிவிடும். அடுப்புக்குப் பக்கத்து அலமாரி என்றால் இன்னும் சீக்கிரம். 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் மூடியை ஐந்து நிமிடம் போட்டு எடுங்கள். சமதளத்தில் தட்டையாக வைத்து, மேலே கனமில்லாமல் ஆறவிடுங்கள். வார்ப்பின்போது உள்ளே உறைந்துபோன இழுவிசை கொஞ்சம் விடுபட்டு மூடி சுருங்கும். கொதிநீர் வேண்டாம். இந்தப் பொருள் 105 முதல் 115 டிகிரியில் உருகும், 90க்கு மேலேயே குழைந்து கோணிக்கொள்ளும். ஓரப் பள்ளத்தில் விரிசல் விழுந்த மூடிக்கு எந்த வழியும் கிடையாது. வெறுமனே அடுக்கி வைக்கும்போது மூடியைக் கிண்ணத்தில் பூட்டாமல் தனியாக வையுங்கள்.

#5 வீட்டுச்சந்தை

மூடி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கடையில் விற்கவில்லை என்பதை மறந்துவிடக்கூடாது. கடைக்கு வந்தவர்களுக்கு அதை எப்படிப் பூட்டுவது என்றே தெரியவில்லை. மூடி பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். இந்தப் பொருளுக்கு ஒருவர் எதிரில் உட்கார்ந்து செய்து காட்டவேண்டியிருந்தது. அதைக் கண்டுகொண்டது டப்பர் இல்லை. ஸ்டான்லி ஹோம் புராடக்ட்ஸ் என்ற நிறுவனத்துக்காக வீடு வீடாகக் கூட்டம் போட்டுத் துடைப்பமும் மெழுகும் விற்றுக்கொண்டிருந்தவர்கள்தான். அவர்களில் பிரௌனி வைஸ் என்ற பெண்மணி டெட்ராய்ட்டிலும் பிறகு ஃபுளோரிடாவிலும் இந்தக் கிண்ணங்களைக் கடைகளைவிட அதிகமாக விற்றார்.

1951இல் டப்பர் தன் சரக்கைக் கடைகளிலிருந்து முழுக்க விலக்கி, விற்பனை முழுவதையும் வைஸிடம் ஒப்படைத்தார். ஃபுளோரிடாவின் கிஸிம்மியில் தலைமையகம். கூட்டத்துக்கு இடம் கொடுக்கும் வீட்டுக்காரிக்கு விற்பனைக்கு ஏற்பப் பரிசு. விற்பவர், மேலாளர், விநியோகஸ்தர் என்று படிப்படியாக ஏறலாம். கூட்டத்தின் உச்சம், திராட்சைச் சாறு நிரப்பிய கிண்ணத்தை மூடிபோட்டு அறைக்குக் குறுக்கே எறிவது. ஒரு சொட்டு சிந்தாது. பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்தாலும் கிடைக்காத நம்பிக்கை அந்த ஒரு எறியில் கிடைத்தது.

1954 ஏப்ரலில் பிசினஸ் வீக் இதழின் அட்டையில் வைஸ் வந்தார். அந்த அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான். 1958 ஜனவரியில் டப்பர் அவரை வேலையை விட்டு நீக்கினார். கையில் கிடைத்தது சுமார் 30,000 டாலர். அதே ஆண்டு டப்பர் நிறுவனத்தை ரெக்ஸால் மருந்து நிறுவனத்துக்கு 1.6 கோடி டாலருக்கு விற்றார். இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அவர் செய்த வேலைக்கு அது அநியாயம் என்றே சொல்வேன்.

#6 ஏட்டுச்சுவடி

வைஸ் பற்றி உடன்படுகிறேன். இன்னொரு காரணத்தையும் சேர்க்கவேண்டும்: குளிர்பெட்டி. போருக்குப் பின் அமெரிக்க வீடுகளில் மின் குளிர்பெட்டி பரவலானது. அதற்குள் காற்று வறண்டது. திறந்து வைத்த உணவு காய்ந்துபோகும், ஒன்றின் வாசனை மற்றதில் ஏறும். அதற்கு முன்பு கண்ணாடி மூடி போட்ட கனமான கண்ணாடிப் பெட்டிகள், கிண்ணத்தின் மேல் தட்டுக் கவிழ்த்தல், ஓரத்தில் எலாஸ்டிக் தைத்த துணி மூடி, இவைதான். எதுவும் இறுக மூடாது, கண்ணாடி கைநழுவினால் போச்சு. பாலிஎத்திலீன் நீராவியை நன்றாகத் தடுக்கும், குளிரிலும் வளையும். பொருள், மூடி, குளிர்பெட்டி மூன்றும் ஒரே பத்தாண்டில் சேர்ந்ததால்தான் வீட்டுக் கூட்டத்தில் காட்டுவதற்கு ஒரு தேவையே இருந்தது.

இந்தியாவுக்கு டப்பர்வேர் 1996இல் வந்தது, அதே வீட்டுக் கூட்ட முறையோடு. அமெரிக்காவில் 2022இல்தான் டார்கெட் கடைகளின் அலமாரிக்குத் திரும்பியது. அதற்குள் ஒரே கடையில் பத்து வகைப் பூட்டு டப்பாக்கள் கால்வாசி விலையில் கிடைத்துக்கொண்டிருந்தன.

#7 சாம்பார்ப்பொடி

இப்ப கடைகளில் கிடைக்கிறது எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது. எது ஃப்ரீசருக்கு, எது சூட்டுக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அடியில இருக்கிற முக்கோண எண்ணை நம்பலாமா?

#8 அச்சுப்பட்டறை

முக்கோண எண் 1988இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. குப்பையைத் தரம் பிரிக்கத்தான். உணவுக்கு ஏற்றதா, சூடு தாங்குமா என்பதை அது சொல்லாது. எந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்லும். ஆனால் குடும்பம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1 என்றால் பெட். தெளிந்த, திருகு மூடி போட்ட பருப்பு ஜாடிகள் எல்லாம் இதுதான். 70 டிகிரியிலேயே குழைந்துவிடும், அதனால் கழுவக்கூட வெந்நீர் கூடாது. உலர்ந்த சாமானுக்கு அருமை.

2, கூடிய அடர்த்திப் பாலிஎத்திலீன். 1953இல் ஜெர்மனியின் முல்ஹைமில் கார்ல் சீக்ளர் குறைந்த அழுத்தத்தில் இதைச் செய்தார். 4, டப்பரின் பழைய நண்பன், குறை அடர்த்தி. இரண்டும் ஃப்ரீசரில் கெட்டியாகாது.

5, பாலிபுரொப்பிலீன். 1954இல் இத்தாலியில் ஜூலியோ நட்டா. சீக்ளரும் அவரும் 1963இல் நோபல் பரிசைப் பகிர்ந்தார்கள். இன்றைய டப்பா உலகத்தின் பெரும்பகுதி இதுதான். உருகுநிலை 160 டிகிரிக்கு மேல், கொதிநீர் ஊற்றினாலும் வடிவம் மாறாது. ஆனால் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்திலேயே விறைத்துவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த டப்பா கைதவறி விழுந்து மூலையில் பிளக்கிறதென்றால் அது பெரும்பாலும் 5ஆம் எண். ஃப்ரீசருக்கென்றே எத்திலீன் கலந்து செய்த 5ஆம் எண் டப்பாக்கள் உண்டு, அவற்றில் பனித்துகள் குறி இருக்கும். குறி இல்லாத டப்பாவை எடுத்தவுடன் முறுக்கித் திறக்காமல் பத்து நிமிடம் வெளியே வையுங்கள். குழம்பு ஊற்றும்போது பத்தில் ஒரு பங்கு இடமும் விடவேண்டும், தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும்.

எண்ணே இல்லாத டப்பாவுக்கு: அடி விளிம்பிலிருந்து நகக்கண் அளவு சீவி, ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மேலே வந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன். மூழ்கினால் பெட், பாலிஸ்டைரீன், பாலிகார்பனேட் போன்றவை. சோப்பு எதற்கென்றால், அது இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு மூழ்கவேண்டியதும் மிதக்கும். மிதந்தவற்றில் நகத்தால் கீறினால் கோடு விழுந்து மெழுகுபோல் வழவழப்பது பாலிஎத்திலீன். கொளுத்திப் பார்த்து வாசனை பிடிக்கும் முறையை வீட்டில் செய்யவேண்டாம்.

#9 மஞ்சள்கறை

மைக்ரோவேவ் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் நம் சமையலில் எண்ணெய்தான் பிரச்சினை. தண்ணீர் மட்டும் இருந்தால் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, 5ஆம் எண் சமாளிக்கும். மேலே மிதக்கும் எண்ணெய் அதையும் தாண்டிச் சூடேறும். கார்க்குழம்பை மைக்ரோவேவில் சூடாக்கிய டப்பாவின் உள்பக்கம் குழம்பின் மட்டம் நின்ற இடத்தில் ஒரு வளையம் தெரியும். விரலால் தடவினால் சொரசொரப்பாக, வெளிறிய சிறு குழிகளாக இருக்கும். எண்ணெய் தொட்ட இடத்தில் பிளாஸ்டிக் இளகி அரிக்கப்பட்டதன் அடையாளம் அது. அந்த டப்பாவைச் சூட்டு வேலையிலிருந்து நிரந்தரமாக விலக்கி, உலர் சாமானுக்குக் கொடுத்துவிடுங்கள். கூட்டு, குழம்பு, வறுவல் எல்லாம் பீங்கானிலோ கண்ணாடியிலோ சூடாக்குவதே சரி. மூடியைப் பூட்டிச் சூடாக்கவே கூடாது. நீராவி தள்ளி மூடி எகிறும், இல்லாவிட்டால் ஆறும்போது உள்ளே இழுத்துக் கோணும்.

கறை: மஞ்சளில் இருக்கும் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். பாலிபுரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் எண்ணெய்க் குணம் கொண்டவை. அதனால் நிறம் மேற்பரப்பில் ஒட்டாமல் உள்ளே இறங்குகிறது, சூடாக ஊற்றினால் இன்னும் ஆழமாக. கம்பி நாரால் தேய்த்தால் கீறல்தான் விழும், அடுத்த கறைக்கு அது வழி. கழுவி ஈரத்தோடு வெயிலில் உள்பக்கம் மேல்நோக்கி ஒருநாள், இரண்டு நாள் வையுங்கள். சூரிய ஒளி குர்குமினை உடைத்துவிடும். மிளகாய்ச் சிவப்பும் வெளிறும், ஆனால் மெதுவாக. அதற்குமேல் வெயிலில் விட்டுவைக்கக்கூடாது, பிளாஸ்டிக்கே நொறுங்க ஆரம்பிக்கும். சோடா மாவு கறைக்கு அவ்வளவாக உதவாது. வாசனைக்குக் கொஞ்சம் உதவும்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கு தேக்கரண்டி கலந்து இரவு முழுக்க நிரப்பி வைக்கலாம்.

வாசனையில் இன்னொன்று. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் ஈரத்தைத் தடுக்கும் அளவுக்கு ஆக்சிஜனையும் மணத்தையும் தடுக்காது. மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் சுவர் வழியாகவே போகும். பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ரவை மணப்பதும், காபித்தூள் சீக்கிரம் வாசம் இழப்பதும் இதனால்தான். காபித்தூள், பெருங்காயம், சாம்பார்ப்பொடி, நெய் இவற்றுக்குக் கண்ணாடியோ எவர்சில்வர் சம்படமோதான் சரி. ஊறுகாய்க்கும் கண்ணாடி, பீங்கான் ஜாடி.

#10 ஏட்டுச்சுவடி

7ஆம் எண் விட்டுப்போயிற்று. அது 'மற்றவை' என்ற கூடை. அதில் பாலிகார்பனேட்டும் வரும், இப்போது புழங்கும் டிரைட்டான் என்ற தெளிந்த பிளாஸ்டிக்கும் வரும். பாலிகார்பனேட்டை 1953இல் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல்லும், கிட்டத்தட்ட அதே நேரத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே உருவாக்கினார்கள். கண்ணாடிபோலத் தெளிவு, சுத்தியலால் அடித்தாலும் தாங்கும், 140 டிகிரி வரை குழையாது. ஆனால் அது பிஸ்ஃபீனால்-ஏ என்ற மூலப்பொருளிலிருந்து செய்யப்படுவது. சூடும் காரத்தன்மையுள்ள சோப்பும் திரும்பத் திரும்பப் பட்டால் அந்தப் பொருள் சிறிதளவு கழன்று உணவில் சேரும். அமெரிக்காவில் 2012இல் குழந்தைப் பால்புட்டிகளில் விலக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பால்புட்டியில் தொடங்கி, 2024 டிசம்பரில் உணவு தொடும் பொருள்கள் பெரும்பாலானவற்றுக்கும் தடையை விரித்தது. டப்பர்வேர் அமெரிக்கா, கனடா விற்பனையில் 2010லிருந்து பாலிகார்பனேட்டை நிறுத்தியது. ஆக, அதற்கு முந்தைய தெளிந்த, கெட்டியான மைக்ரோவேவ் பாத்திரங்கள் கையில் இருந்தால் சூட்டுக்கு வேண்டாம்.

இந்தியாவில் வாங்கும்போது பார்க்கவேண்டிய இந்தியத் தர எண்கள்: பாலிஎத்திலீனுக்கு ஐ.எஸ். 10146, பாலிபுரொப்பிலீனுக்கு ஐ.எஸ். 10910. உணவுப் பொட்டலங்களுக்கான 2018 விதிகளில், பிளாஸ்டிக்கிலிருந்து உணவுக்குள் இறங்கும் மொத்தப் பொருளின் வரம்பு கிலோவுக்கு 60 மில்லிகிராம். கண்ணாடிக் கோப்பையும் முட்கரண்டியும் சேர்ந்த குறி உணவுக்கு உகந்தது என்பதன் அடையாளம். அந்தக் குறியும் எண்ணும் எதுவுமே இல்லாத அடர்கறுப்பு டப்பாவை உணவுக்கு வாங்கவேண்டாம்.

#11 அலமாரிஅடுக்கு

பழைய டப்பர்வேர் கிண்ணங்கள் சில கையில் ஒட்டுகின்றன, பிசுபிசுவென்று. எவ்வளவு கழுவினாலும் போவதில்லை. பயன்படுத்தலாமா? அடியில் கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கின்றன. அது உற்பத்தித் தேதியா?

#12 அச்சுப்பட்டறை

பிசுபிசுப்பு மேலேயே இருந்தால் அது பெரும்பாலும் அலமாரியில் படிந்து கெட்டியான எண்ணெய்ப் புகை. சோடா மாவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி அரைமணி கழித்துத் துணியால் தேயுங்கள், போய்விடும். இரண்டு வாரத்தில் மறுபடி ஒட்டினால் பிளாஸ்டிக்குக்குள் இறங்கிய எண்ணெய் சிக்கெடுத்து வெளியே வருகிறது, பொருளும் முதுமையடைந்துவிட்டது. அப்படிப்பட்டதை உணவிலிருந்து எடுத்துவிடுங்கள். 1970களும் அதற்கு முந்தையதுமான அடர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் கிண்ணங்களிலும் எச்சரிக்கை தேவை. அந்தக் காலத்தில் இந்த நிறங்களுக்குக் காட்மியம் சேர்ந்த நிறமிகள் பிளாஸ்டிக் தொழிலில் சாதாரணமாகப் புழங்கின. ஊசி நூல், பொத்தான் வைத்துக்கொள்ளலாம்.

எண்கள் தேதி அல்ல. கோட்டுக்கு முன்னால் இருப்பது அச்சின் எண், பின்னால் இருப்பது அந்த வடிவத்துக்குச் செய்த அச்சுகளில் இது எத்தனையாவது என்பது. மூடி தொலைந்தால் தேடவேண்டியது அந்த முதல் எண்ணை வைத்துத்தான். மூடிக்கும் கிண்ணத்துக்கும் தனித்தனி எண் இருக்கும், இரண்டும் ஒன்றாக இல்லையே என்று குழம்பவேண்டாம்.

#13 மஞ்சள்கறை

நாலு பக்கப் பூட்டு டப்பாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கொரியாவின் லாக் அண்ட் லாக் பிரபலமாக்கிய வடிவம் அது. டப்பரின் மூடி தன் இழுவிசையால் தானே இறுகும். இதில் இறுக்கும் வேலை மூடியின் நாலு பக்கமும் மடித்துப் பூட்டும் இறக்கைகளுக்கு, கசியாமல் தடுக்கும் வேலை சிலிக்கோன் வளையத்துக்கு. பழுது வருவதும் அந்த இரண்டிலேதான். வளையத்துக்கு அடியில் ஈரம் நின்று கறுப்புப் பூசணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை மழுங்கிய கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்து, வளையத்தையும் பள்ளத்தையும் தனித்தனியே கழுவி, முழுக்க உலர்ந்தபின் மாட்டுங்கள். கத்தி முனையால் நெம்பினால் வெட்டு விழுந்து அங்கேதான் கசியும். முறுக்கு இல்லாமல், தட்டையான பக்கம் பள்ளத்தில் படும்படி மாட்டவேண்டும்.

#14 அச்சுப்பட்டறை

இறக்கை ஏன் உடைகிறது என்பதையும் சேர்க்கிறேன். இறக்கை மடியும் கோட்டில் பாலிபுரொப்பிலீன் கால் முதல் அரை மில்லிமீட்டர்தான் தடிமன். அச்சிலிருந்து வந்த சூட்டோடு முதல்முறை மடிக்கும்போது சங்கிலிகள் மடிப்புக்குக் குறுக்கே வரிசையாகி வலுப்பெறும். அப்புறம் லட்சக்கணக்கில் மடித்தாலும் தாங்கும். மடிப்புக் கோடு வெளுத்துத் தெரிவது மட்டும் பழுதல்ல. அந்த வெளுப்பில் ஓரத்திலிருந்து கிழிசல் தொடங்கியிருந்தால்தான் ஆயுள் முடிகிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு இறக்கையைத் திறப்பதுதான் பெரும்பாலும் அந்தக் கிழிசலைத் தொடங்கிவைக்கிறது. எதிரெதிர் இறக்கைகளை ஜோடியாகப் பூட்டுங்கள். ஒரு பக்கமாகவே வரிசையாகப் பூட்டினால் கடைசி இறக்கை மீது பாரம் கூடும்.

#15 சாம்பார்ப்பொடி

நன்றி சார். மூடிகளை வெந்நீரில் போடப்போறேன். சூடான சாதத்தை டப்பாவில் போட்டு உடனே மூடலாமாங்கிறது மட்டும் பாக்கி.

#16 மஞ்சள்கறை

கூடாது. மூடியைவிடச் சாதத்துக்காகத்தான். வெந்த அரிசியில் தப்பிப் பிழைக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆழமான டப்பாவில் அமுக்கி மூடினால் நடுப்பகுதி மணிக்கணக்கில் அந்த வெதுவெதுப்பிலேயே இருக்கும். அகலத் தட்டில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் டப்பாவுக்கு மாற்றி, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். குழம்பையும் அப்படியே, தாழ்ந்த அகன்ற டப்பாவில்.